தார்சாவுக்கு என்ன ரேட்?

"தம்பி, மொத்தம் எத்தனை சென்ட்டு?"

திண்ணையில் உட்கார்ந்ததும் புரமோட்டர் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி இது. "காபி சாப்பிடுதியளா?" என்று நான் கேட்டது அவர் காதில் விழவே இல்லை. கண்ணாலேயே வீட்டை இடித்து, கண்ணாலேயே நாலு மாடி கட்டி, லிஃப்ட்டும் வைத்து முடித்துவிட்டார்!

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டின தெருவில் எங்கள் பூர்வீக வீடு. தாத்தா காலத்து வளவு. வளவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே போனால் வரிசையாக வீடுகள், நடுவில் பொதுவாக ஒரு நடை, கடைசியில் ஒரு கிணறு. இன்றைய அபார்ட்மென்ட்டுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாட்ச்மேன் மட்டும் கிடையாது. அந்த டியூட்டியை ஆச்சியே பார்த்தாள். எவன் எத்தனை மணிக்கு செகண்ட் ஷோ விட்டு வந்தான் என்கிற ரிஜிஸ்டர் முழுக்க அவள் மண்டையில் இருந்தது.

திண்ணை தாண்டினால் தார்சா. அப்புறம் பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். பட்டாசலை ஒட்டி பகலிலும் லைட் போடவேண்டிய அரங்கு. மேலே மச்சு, மட்டப்பா. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பு போட்டு இறுக்கின தளம். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் கலந்து அரைத்த சுண்ணாம்பு. சித்திரை வெயிலில் வெளியே தார் ரோடு உருகும். தார்சாவில் துண்டை விரித்தால் தூக்கம் சொக்கும். மொத்தச் சுவர், உயர்ந்த கூரை, காற்று ஓட முன்வாசல் - புறவாசல். கரண்ட் பில் இல்லாத ஏ.ஸி.!

இதையெல்லாம் நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்க, இடைமறித்தார் சித்தப்பா. அந்த வீட்டில் இப்போது இருப்பது அவரும் சித்தியும் மட்டும்தான்.

"ஏலே, மழைக்கு வாளி வைக்குதவன் நான். கரையான் அரிச்ச கதவைக் கட்டி அழுதவன் நான். ராத்திரி ஒண்ணுக்கு வந்தா புறவாசலுக்கு எந்திரிச்சுப் போறவன் நான். பாரம்பரியம் பாரம்பரியம்னு பேசுதவன் பூரா மெட்ராஸ்ல பிளாட்டுல இருக்கிய!"

சுருக்கென்றது. காரணம், அது உண்மை. கையெழுத்துப் போட இரண்டு நாள் லீவில் வந்திருந்த நான் குடியிருப்பது, மூன்றாவது மாடியில் ஒரு டபுள் பெட்ரூமில்.

மனசு கேட்காமல் சாயங்காலம் டவுனைச் சுற்ற இறங்கினேன். சுடலைமாடன் கோயில் தெரு. இங்கேதான் தி.க.சி. வாழ்ந்தார். எங்கோ ஒரு மூலையில் புதுசாக ஒருத்தன் எழுதினாலும், இந்தத் தெருவிலிருந்து பாராட்டி ஒரு போஸ்ட் கார்டு போகும். அவர் மகன் வண்ணதாசன் 2016-ல் சாகித்ய அகாதமி வாங்கினார். 2000-லேயே அப்பாவும் வாங்கியாச்சு. ஒரே வீட்டுக்கு இரண்டு அகாதமி!

கீழ ரத வீதியில் இருட்டுக் கடை முன்னால் வழக்கம்போல் கூட்டம். பழசாகவே இருப்பதும் ஒரு விலாசம்தான் என்று அங்கே நின்றபோது தோன்றியது. பளபளவென்று கண்ணாடி போட்டு, அந்தக் கடைக்கு 'வெளிச்சக் கடை' என்று பெயர் வைத்தால் அல்வா இறங்குமா?

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாகக் காப்பாற்றுகிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் பாரதி பிறக்காத வீடெல்லாம் என்ன பாவம் செய்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னையில் 2010-ல் ஹைகோர்ட் தீர்ப்பு வந்து, நானூறுக்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள் பட்டியலில் ஏறின. மாநிலம் முழுமைக்கும் பாரம்பரிய ஆணையம் அமைக்க 2012-ல் சட்டமும் வந்தது. ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் முதலில் தேடுவது கோட்டை, கோர்ட், காலேஜ். முடுக்குக்குள் இருக்கும் வளவை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், நம்மாட்கள் மல்லிகைப்பூவும் மளிகையும் விற்கிற இடத்துக்கு நடுவே, 1900-ல் கட்டின ஒரு சீனர் வீடு இருக்கிறது. டான் டெங் நியா என்ற வியாபாரியின் வீடு. அந்தப் பகுதியில் மிஞ்சின ஒரே சீன பங்களா. பல கலரில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். டூரிஸ்ட்கள் போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எடித் மேஸ்ஃபீல்டு என்ற பாட்டி, 2006-ல் பத்து லட்சம் டாலர் தருகிறோம் என்று வந்தவர்களிடம் "மாட்டேன்" என்றாள். அவள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் கட்டிடம் எழும்பியது. பாட்டி அசையவில்லை, 2008-ல் அதே வீட்டில் கண்ணை மூடினாள்.

பாட்டிக்குப் பங்காளிகள் இல்லை. எங்களுக்கு ஐந்து பேர்!

ராத்திரி ஐந்து பேருக்கும் போன் போட்டேன். "வித்தா ஆளுக்கு என்ன வரும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். "ஆனித் தேருக்கு இனி எந்த மட்டப்பாவில ஏறுவீக?" என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். மாசாமாசம் ஆளுக்கு ஐயாயிரம் சித்தப்பாவுக்கு மராமத்துக்கு. முதல் வேலை ஒழுகும் மச்சு. இரண்டாவது, வீட்டுக்குள்ளேயே பாத்ரூம். ஒரு வருஷம் பார்ப்பது. எவனாவது பணம் அனுப்பாமல் இழுத்தால், விற்றுவிடுவது.

"மொதல் மாசம் எல்லாவனும் அனுப்புவிய. பொங்கலுக்கு அப்புறம் பாப்போம்" என்றார் சித்தப்பா. ஆனாலும் மறுநாள் காலையிலேயே, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

புரமோட்டர் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. முதல் முறையாகக் காபியை வாங்கிக் குடித்தார். தார்சாத் தூணை மெல்லத் தடவினார். இடித்தால் இந்தத் தூணும் கதவும் எங்கே போகும் என்று கேட்டேன்.

"காரைக்குடியில பழைய சாமான் கடை தெருவே இருக்கு தம்பி. அங்கேருந்து ஏதாவது ரிசார்ட்டுக்குப் போவும்."

செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீடும் இதே மாதிரிதான் இருந்துது. நான் மொத மொதல்ல இடிச்சதே அதைத்தான்... ஒரு வருஷம்தான? வாரேன்."

போகிற போக்கில் நிலைப்படி தலையில் இடிக்காமல், பழக்கப்பட்டவர் மாதிரி குனிந்து போனார்.