குதிரின் வாயும் கூலத்தின் இயல்பும்: உலர்பொருட் கலங்களின் வெளியேற்றக் கருவிகள்

கிழக்கு லண்டனில் ராயல் விக்டோரியா துறையின் தென்கரையில் ‘சைலோ டி’ எனப்படும் கற்காரைக் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1920இல் எழுந்த இது, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இத்தகைய களஞ்சியத்தில் கூலத்தை மேலேற்றுவது பாதி வேலையே. தடையின்றிக் கீழிறக்குவது மறுபாதி. ஏற்றுவதற்குப் பொறியின் வலிமை போதும். இறக்குவதற்குப் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும்.

தமிழகத்து வீட்டுக் குதிரின் அடியிலும் ஒரு துளையும் அதற்கோர் அடைப்பும் உண்டு. அடைப்பை நீக்கினால் காய்ந்த நெல் தானே சொரியும். அதே குதிரில் மாவை நிரப்பினால் சொரியாது. இவ்வேறுபாடே பிற்காலக் கருவிகள் அனைத்திற்கும் காரணம்.

கலத்தில் நிறைந்த கூலம் நீரைப் போன்றதன்று. ஐசக் ராபர்ட்ஸ் கோதுமையைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவு 1884இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. (ஆந்திரமேதா விண்மீன் மண்டலத்தைப் பின்னர் ஒளிப்படம் எடுத்தவரும் இவரே.) கலத்தின் குறுக்களவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உயரத்திற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அடிப்பகுதியின் அழுத்தம் கூடுவதில்லை என அவர் கண்டார். எஞ்சிய சுமையை உராய்வின் வழியே சுவர் தாங்குகிறது. 1895இல் ஜெர்மானியர் யான்சன் இதனைச் சமன்பாடாக்கினார்.

சுமையைத் தாங்கும் இவ்வுராய்வே வெளியேற்றத்தில் பகையாகிறது. ஒட்டும் பொருள் வாயின் மேல் வளைவாக இறுகி நிற்கும். அல்லது நடுவில் மட்டும் வடிந்து, ஓரங்களில் தேங்கும். பின்னதை ஆங்கிலத் தொழிலாளர் ‘எலிப்பொந்து’ என்பர். தமிழிலும் அச்சொல் பொருந்தும். லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற போலந்து நாட்டவர் ஆண்ட்ரூ ஜெனிகே, பின்னர் அமெரிக்காவின் யூட்டாவில் ஆய்ந்து, 1964இல் தம் முறையை நிறைவாக வெளியிட்டார். பொருளின் ஒட்டுவலிமையையும் சுவர் உராய்வையும் அளந்தால், கூம்பின் சரிவையும் வாயின் அகலத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். கலம் முழுவதும் ஒருங்கே நகர்வது முழுப்பாய்வு. நடுவில் மட்டும் நகர்வது புனற்பாய்வு.

கருவிகள் அதன் பின்னரே வருகின்றன. நழுவுகதவு வாயைத் திறந்து மூடும். சுழலடைப்பான் காற்றைத் தடுத்து அளவாக இறக்கும். திருகு ஊட்டியில் ஒரு நுட்பம் உண்டு. புரிகளின் இடைவெளி எங்கும் ஒன்றாயின், திருகு பின்முனையிலேயே நிறைந்துவிடும். வாயின் எஞ்சிய பகுதியிலிருந்து பொருள் இறங்காது. ஆகவே புரியிடை முன்னோக்கி அகன்று செல்லவேண்டும். நல்ல கூம்பையும் தவறான திருகு கெடுத்துவிடும் என்பதைக் கலம் வாங்குவோர் பலர் மறக்கின்றனர். அதிரும் அடித்தளம் வளைவை உடைக்கும். ஆனால் வாய் மூடியிருக்கையில் அதனை இயக்கினால் பொருள் மேலும் இறுகும். காற்றூட்டும் பட்டைகள் நுண்தூளுக்கே உரியவை.

இவை தவறும்போது ஆள் உள்ளே இறங்குகிறான். காலடியில் கூலம் உறுதியாகத் தோன்றும். உள்ளே வெற்றிடம் இருக்கலாம். வளைவு இடிந்தால் சில நொடிகளில் அவன் புதைந்துவிடுவான். வெளியே நிற்போர் சுத்தியலால் கூம்பைத் தட்டுவதும் வழக்கம். பழைய கலங்களின் தகட்டில் அக்குழிகளைக் காணலாம். அவை உட்புறம் புடைத்துப் பாய்வை மேலும் தடுக்கின்றன.