ஹைட்ரேஞ்சியாவும் காகிதப்பூவும்: மழை குறைந்த மறையூரில் வளர்ப்பது எப்படி?

மறையூர்: மூணாறில் இருந்து மறையூருக்கு மலைப்பாதையில் சுமார் 40 கி.மீ. தொலைவுதான். ஆனால், தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மூணாறு மலைகளே தடுத்துவிடுவதால், அவற்றின் கிழக்கே அமைந்த மறையூர் மழை மறைவுப் பகுதியாக உள்ளது. இன்னும் கீழே இறங்கினால், சின்னாறு வனவிலங்கு சரணாலயத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 48 நாள்கள் மட்டுமே மழை பெய்கிறது. மூணாறு சாலையோரங்களில் நீலக் கொத்துகளாகப் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியாவை வாங்கி வந்து, மறையூர் வீட்டு முற்றத்தில் வெயில் படும் இடத்தில் நட்டால், அது ஒரே கோடையில் கருகிப் போகக்கூடும். அதே முற்றத்தின் வேலியில் பூகன்வில்லா எனப்படும் காகிதப்பூ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாமலேயே செழிக்கும். இரண்டும் பூக்கும் புதர்களே என்றாலும், ஒன்றுக்கான பராமரிப்பு மற்றொன்றுக்குக் கேடாக முடியும்.

ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட ஹைட்ரேஞ்சியாவுக்கு இலைகள் அகலமானவை. வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவுபவை. எனவே, வெயிலில் நீர் விரைவாக வெளியேறுகிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் வீட்டின் கிழக்குப் பக்கமே அதற்கு ஏற்ற இடம். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. நண்பகலில் இலைகள் துவண்டதைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வந்த வாட்டம். மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம்.

ஈரத்தைக் காப்பதற்கு மறையூரில் ஒரு வசதி உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்காக இங்கு கரும்பு பயிரிடப்படுவதால், கரும்புச் சோகை எளிதில் கிடைக்கும். அதைத் தண்டில் படாமல் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் நீர்த்தேவை கணிசமாகக் குறையும்.

மூணாறில் நீலமாகப் பூத்த செடி, இடம் மாறியதும் இளஞ்சிவப்பாகப் பூத்தால் அது நோயல்ல. தேயிலை விளையும் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. அதுவே பூவுக்கு நீலத்தைத் தருகிறது. மண்ணின் கார அமிலக் குறியீடு 5.5-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நீலம், 6.5-க்கு மேல் சென்றால் இளஞ்சிவப்பு. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் சோப்பு கலந்த கழிவுநீரும் நீலத்தைக் குறைப்பவை. பாஸ்பரஸ் உரம் அதிகமானாலும் அலுமினியம் மண்ணிலேயே கட்டுண்டுவிடும். வெள்ளை ரகங்களுக்கு இந்த நிறமாற்றம் பொருந்தாது.

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. பிரெஞ்சு மாலுமி பூகன்வில்லின் கப்பலில் சென்ற தாவரவியலாளர் பிலிபெர் கோமெர்சான், 1767-ல் ரியோ டி ஜெனீரோவில் இதைச் சேகரித்தார். பெயரோ தலைவருக்குச் சென்றது. நாம் பூவென்று எண்ணும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில். அதன் நடுவே உள்ள சிறிய வெண்குழலே பூ.

இச்செடிக்கு நாள்தோறும் குறைந்தது 5, 6 மணி நேர நேரடி வெயில் தேவை. நட்ட முதல் ஆண்டில் சீராக நீர் ஊற்றினால் போதும். வேரூன்றிய பின், மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். அன்பு மிகுந்து தினமும் ஊற்றினால் இலைகள் மட்டுமே தழைக்கும், வேரும் அழுகலாம். தழைச்சத்து மிகுந்த உரமும் அதே விளைவைத் தரும். வேர்கள் எளிதில் அறுபடுபவை என்பதால், தொட்டி மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கத்தரிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். காகிதப்பூ புதிய கிளைகளில் பூப்பதால், ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் துணிந்து வெட்டலாம். பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவோ, பெரும்பாலும் முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியிலேயே மொட்டுகளை உருவாக்குகிறது. பூத்து முடிந்த உடனே வாடிய கொத்துகளை அகற்றலாம்; மாதங்கள் கழித்து வெட்டினால் அடுத்த ஆண்டின் பூக்களே போய்விடும்.

ஆடு, மாடு வளர்ப்போர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியாவின் இலைகளிலும் மொட்டுகளிலும் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் இருப்பதால், வெட்டிய கிளைகளைத் தீவனத்தோடு கலக்கக் கூடாது. காகிதப்பூவில் முள்தான் தொல்லை. வேலிக்கு அதுவே பயன்.

இரண்டையும் வளர்க்க விரும்புவோர் ஒரே சொட்டுநீர்க் குழாயில் அவற்றை இணைக்காமல் இருப்பது நல்லது. மறையூர்ப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கிய நீராதாரம் என்பதால், அக்டோபர் தொடக்கத்தில் நடும் செடி, கோடைக்கு முன் வேர்பிடிக்கச் சில மாதங்கள் கிடைக்கும்.