புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

கார்த்திகை பிறந்தால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் காட்டு வேலையும் செமஸ்டர் தேர்வும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. மானாவாரிப் பருத்தி வெடிக்கத் தொடங்கியிருக்கும். மக்காச்சோளக் கதிர் முற்றியிருக்கும். ஆள் கிடைக்காத வீட்டில் கல்லூரிப் பிள்ளையும் ஓர் ஆள்தான். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கமோ ஏப்ரல் தேர்வு நெருங்கும்போது முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் காலம் தொடங்கிவிடுகிறது.

'தினமும் நான்கு மணி நேரம் அமைதியான அறையில் உட்கார்ந்து படி' என்கிற அறிவுரையை இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? தனி அறை இல்லை. நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதும் இல்லை. பெரம்பலூர் ரயில் நிலையமே இல்லாத மாவட்டத் தலைநகர். எங்கே போவதானாலும் பேருந்துதான். குன்னம் பக்கத்திலிருந்து குரும்பலூர் அரசுக் கல்லூரிக்குப் போகிறவர், பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கித் துறையூர் சாலை வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அவருடைய நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், நினைவில் நிற்கும் படிப்பு என்பது படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்பது; அதற்குத் துண்டு நேரமே போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை 2006-இல் வெளியானது. ஒரு பாடப்பகுதியை மாணவர்கள் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்கள் 81 விழுக்காடு சொன்னார்கள், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

தேர்வுக்கு முதல் நாள் இரவு கைடை மூன்று முறை புரட்டுகிறவர்களுக்கு 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவது இதனால்தான். அந்த ஐந்து நிமிடத் தெளிவை நம்பி ஏமாறுகிறார்கள். அரியர் விழுந்ததும் 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பிழை மண்டையில் இல்லை, படித்த முறையில் இருக்கிறது. இதை முதலாண்டிலேயே யாராவது உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பள்ளியில் தினத்தேர்வு, வாரத்தேர்வு என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது பெரம்பலூரில் நடந்த 'சூப்பர் 30' திட்டம், அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்சி தந்தது. கல்லூரியில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அன்று நடத்திய பாடத்தை, வீடு திரும்பும் பேருந்தில் நோட்டைத் திறக்காமல் மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அதை மட்டும் இரவில் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து, பருத்தி எடுக்கும்போது மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். உடன் படிக்கும் தோழி பக்கத்து நிரையில் இருந்தால் இன்னும் நல்லது; ஒருவர் கேட்க ஒருவர் சொல்லலாம். ஒரு வாரம் கழித்து இரண்டு மதிப்பெண் கேள்வி ஐந்துக்குக் கைப்பட விடை எழுதிப் பாருங்கள்.

தமிழ் வழியில் பன்னிரண்டு வகுப்பும் படித்துவிட்டு ஆங்கிலத்தில் வேதியியல் படிக்க வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: முதலில் தமிழில் உங்கள் சொற்களில் சொல்லுங்கள். பொருள் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். பொருள் தெரியாத ஆங்கில வரியை மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு சொல் மறந்ததும் பத்து மதிப்பெண் கேள்வி அங்கேயே நின்றுபோகும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கேள்வித்தாள்கள் கல்லூரி நூலகத்தில் இருந்து பயனில்லை. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அங்கே உட்கார முடியாது. பாடவாரியாக ஒரு பிரதி எடுத்து ஊர்ப்புற நூலகங்களுக்குக் கொடுங்கள். விடை வேண்டாம், கேள்விகள் போதும்.