உங்களுக்குத் தெரியுமா? பேரரசைச் சாய்த்த பகல் தூக்கம்

குஜிலியம்பாறையிலிருந்து சமயபுரம் மாரியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் பலர். அந்தச் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தில்தான் 1342-ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தின் தலையெழுத்தை மாற்றிய போர் ஒன்று நடந்தது.

கோட்டைக்குள் மதுரை சுல்தானின் படை. வெளியே ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரின் பெரும் சேனை. மாதக்கணக்கில் நீண்ட முற்றுகையில் உள்ளே இருந்தவர்களிடம் மிஞ்சியது பதினான்கு நாள் உணவு மட்டுமே. கோட்டையை ஒப்படைக்கச் சொன்னபோது, "சுல்தானிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று தவணை கேட்டார்கள், வல்லாளரும் கொடுத்தார். பெருந்தன்மைதான். ஆனால் முற்றுகை இடுபவனுக்குக் காலம்தான் முதல் ஆயுதம். அதையே எதிரியின் கையில் கொடுத்துவிட்டார்.

செய்தி மதுரைக்குப் போனது. சுல்தான் கியாசுதீன் தம்கானியின் வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துத் தங்கள் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். சுமார் ஆறாயிரம் பேர் உச்சிப்பொழுதில் வந்து பாய்ந்தபோது ஹொய்சளப் பாசறை உறங்கிக்கொண்டிருந்தது, குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. யாரோ திருடர்கள் என்றே முதலில் நினைத்தார்களாம்! எண்பது வயது வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். உரித்த அவர் தோலில் வைக்கோலை அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் பயணி இபின் பதூதா.

அடுத்த முறை சமயபுரம் போனால், ஹொய்சளர் எழுப்பிய போஜீஸ்வரர் கோயிலையும் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.