எண் போட்ட ஓவியமும் எழாத நிலாவும்

கூட வேலை பார்த்த ஒருத்தர், முன்னாள் ராணுவக்காரர், வீடு மாறும்போது ஒரு ஃப்ரேம் போட்ட படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராணுவ அருங்காட்சியகக் கடையில் வாங்கியதாம். ஆற்றின் மேல் ஒரு மிதவைப் பாலம், நீல யூனிஃபார்மில் குதிரை வீரர்கள், மேலே பளிச்சென்று நிலா. கீழே பென்சிலில் ஓவியர் கையெழுத்து, பக்கத்தில் 312/950 என்று ஒரு எண். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து குதிரைப்படை தப்பித்த காட்சி.

ஏழாவது படிக்கும் என் மகள் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு அதை ஃபோட்டோ எடுத்து ஒட்டி, கீழே "1862" என்று எழுதிவிட்டாள். டீச்சர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, "இதை வரைந்தது யார், எப்போது?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். ஓவியர் நம் காலத்து ஆள். "அப்ப இது பொய்யாப்பா?" என்றாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில், இது என்ன காகிதம்?

312/950 என்றால் மொத்தம் 950 பிரதிகள், அதில் இது 312-வது. இந்த வழக்கம் செப்புத்தகடு, கல் அச்சுக் காலத்திலிருந்து வருகிறது. தகட்டிலிருந்து எடுக்க எடுக்க கோடு தேயும், அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்கு மதிப்பு அதிகம். ஆனால் என் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்ன பூ மாதிரி வட்டம் வட்டமாக நிற்கின்றன. ஆஃப்செட் அச்சு. சிவகாசி காலண்டர் அச்சாகும் அதே முறை. இதில் முதல் பிரதிக்கும் 950-வது பிரதிக்கும் தரத்தில் வித்தியாசம் இருக்காது. இயந்திரம் இன்னும் பல்லாயிரம் அடித்துத் தள்ளும். 950-ல் நிறுத்துகிறோம் என்பது பதிப்பாளர் தரும் வாக்கு, அவ்வளவுதான்.

புள்ளிகள் பூ வடிவில் இல்லாமல் பொடி தூவினது போல இருந்தால் அது இங்க்ஜெட். கடைகளில் இதற்கு "ஜிக்லே" என்று பெயர். பிரெஞ்சுச் சொல்லை வைத்து 1991-ல் ஜாக் டுகேன் என்கிற அமெரிக்க அச்சுக் கலைஞர் உருவாக்கின பெயர் இது. "இங்க்ஜெட்" என்று சொன்னால் ஆபீஸ் பிரிண்டர் ஞாபகம் வந்துவிடுமே! எண்ணுக்குப் பதில் "ஏ.பி." என்று இருந்தால் அது ஓவியர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பிரதி.

அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடித்திருந்தால் வாங்குங்கள், முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். 1990-ல் கென் பர்ன்ஸின் உள்நாட்டுப் போர் ஆவணத்தொடர், 1993-ல் 'கெட்டிஸ்பர்க்' சினிமா வந்த அந்தக் காலம் இந்தப் படங்களுக்குப் பொற்காலம். மோர்ட் குன்ஸ்லர், டான் ட்ரொயானி போன்ற ஓவியர்களின் பிரதிகள் அப்போது பரபரப்பாக விற்றன. ஆயிரக்கணக்கில் விற்ற பொருள் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும். வாங்கியவர்களுக்கு வயதாகும்போது எல்லாம் ஒரே சமயத்தில் சந்தைக்குத் திரும்பும், விலை இறங்கும். எனக்கு இலவசமாக வந்ததன் ரகசியமும் அதுதான்.

ராணுவப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஓவியக் கடை?

வெர்மான்ட் மாநிலத்தில் நார்த்ஃபீல்டில் நார்விச் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆல்டன் பார்ட்ரிட்ஜ் 1819-ல் ஆரம்பித்த தனியார் ராணுவக் கல்லூரி. அங்கே உள்ள சல்லிவன் அருங்காட்சியகம் 2007-ல் திறக்கப்பட்டது. அங்கேயே படித்து அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஆன கோர்டன் சல்லிவனின் பெயர் அதற்கு.

இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிறவர்கள் சாதாரண சுற்றுலாக்காரர்கள் மட்டும் இல்லை. பழைய மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், ஓய்வு பெறும் அதிகாரிக்குப் பரிசு தேடுகிற நண்பர்கள் எல்லாரும் வருவார்கள். இவர்களுக்கு வேண்டியது வெறும் படம் இல்லை, "நாங்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்" என்கிற உணர்வு. கடையில் விற்கிற ஓவியம் அந்த உணர்வைத் தருவதற்காக வரைந்தது. இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்க்க வேண்டும்.

என் படத்துக் காட்சிக்கும் நார்விச்சுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1862 கோடையில் டார்ட்மத், நார்விச் மாணவர்கள் சேர்ந்து ஒரு குதிரைப்படைக் கம்பெனியாகி, ரோட் ஐலண்டின் 7-வது ஸ்குவாட்ரனில் மூன்று மாதத்துக்குச் சேர்ந்தார்கள். "காலேஜ் கேவலியர்ஸ்" என்று பெயர். செப்டம்பர் 14 இரவு, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியைத் தெற்குப் படை சுற்றி வளைத்திருந்தபோது, சுமார் 1,400 குதிரை வீரர்கள் மிதவைப் பாலம் வழியாக பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பித்தார்கள். போகிற வழியில் எதிரியின் வெடிமருந்து வண்டிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை உள்ளே இருந்த சுமார் 12,000 பேர் சரணடைந்தார்கள்.

நிலா எங்கே?

இங்கேதான் என் எஞ்சினியர் புத்தி வேலை செய்தது. படத்தில் நிலா உச்சியில் இருக்கிறதே, அன்றைக்கு உண்மையில் எங்கே இருந்தது? நீங்களும் கணக்குப் போடலாம். 2000 ஜனவரி 6 அமாவாசை. அங்கிருந்து 29.530589 நாள் வீதம் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், 1862 செப்டம்பர் 23-ஐ ஒட்டி ஒரு அமாவாசை வருகிறது. அப்படியானால் 14-ஆம் தேதி, பௌர்ணமி முடிந்து ஏறக்குறைய ஆறு நாள். தேய்பிறை. நிலா எழ இரவு ஒன்பது மணியாவது தாண்டியிருக்கும். படை புறப்பட்டதோ எட்டு மணி வாக்கில். போதாததற்கு ஆற்றின் அக்கரையில் மேரிலாந்து ஹைட்ஸ் மலை வேறு மறைத்து நிற்கிறது. முதலில் பாலத்தில் ஏறியவர்களுக்கு நிலவு வெளிச்சமே இல்லை.

யோசித்தால் அதுதான் நியாயம். நிலா வெளிச்சத்தில் 1,400 குதிரைகள் தெரியாமல் தப்பிக்க முடியுமா? அவர்களைக் காப்பாற்றியதில் இருட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் இருட்டை வரைந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் ஓவியர் நிலாவைக் கொண்டுவந்தார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1869 மே 10-ல் கண்டம் கடக்கும் ரயில் பாதை இணைந்தபோது ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகைப்படம் பிரபலம். நடுவில் கை குலுக்குகிறவர்களில் ஒருவர் கிரென்வில் டாட்ஜ், நார்விச்சில் படித்த எஞ்சினியர். அதே நிகழ்ச்சியை தாமஸ் ஹில் 1881-ல் பெரிய ஓவியமாக வரைந்தார். அதில் தியடோர் ஜூடாவும் நிற்கிறார். அவர் 1863-லேயே செத்துப்போனவர்! சரி, புகைப்படமாவது முழு உண்மையா? பாதை போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை அந்தப் படத்தில் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம்.

அப்போ புத்தகங்கள்?

இதே மாதிரி கடைகளில் ஓவியத்துக்குப் பக்கத்து ஷெல்ஃபில் புத்தகங்கள் இருக்கும். காலேஜ் கேவலியர்ஸ் பற்றி, அந்தப் படையிலேயே இருந்த சாமுவேல் பெட்டன்கில் எழுதிய புத்தகம் 1883-ல் வந்தது. நேரில் பார்த்தவர், சரி. ஆனால் 21 வருஷம் கழித்து எழுதினார். வில்லியம் ஆர்பா எல்லிஸ் தொகுத்த நார்விச் வரலாறு 1911-ல் மூன்று தொகுதிகளாக வந்தது. பழைய மாணவர்களைத் தேட அதைவிட நல்ல இடம் குறைவு. ஆனால் அதுவும் தன் கல்லூரியைப் பெருமைப்படுத்த எழுந்த நூல். இரண்டுமே பதிப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மகளுக்குக் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "பொய் இல்லம்மா. 1862-ஐப் பத்தி சொல்ற படம் இல்ல இது. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சும் மனுஷங்க அந்த ராத்திரிய எப்படி நினைச்சுக்க ஆசைப்படறாங்கங்கிறதுக்கு ஆதாரம்." பாதி புரிந்தது போலத் தலையாட்டினாள். அப்புறம் உட்கார்ந்து நிலாக் கணக்கை அவளே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். ப்ராஜெக்டில் படத்தை எடுக்கவில்லை, கீழே வரியை மட்டும் மாற்றினாள்: 1862 சம்பவம், பிற்காலக் கற்பனை, நிலா ஓவியருடையது.

படம் இன்னும் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. வெயில் படாத சுவராகப் பார்த்து மாற்றியிருக்கிறேன், மை வெளுக்காமல் இருக்க.