களஞ்சியத்துக்குள் களஞ்சியம்: கோப்புறை வெறுமையாவது ஏன்?

கோப்பெங் வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் புகைப்படங்களுக்கென இணையதளம் அமைக்க முனையும் மாணவர் ஒருவர், பிறர் ஆக்கிய வார்ப்புருவை அதன் களஞ்சியத்தோடு தம் கோப்புறைக்குள் இறக்கி, யாவற்றையும் ‘கிட்’ களஞ்சியத்தில் சேர்த்து அனுப்பிவிட்டாரென்று வைத்துக்கொள்வோம். ஈப்போவிலுள்ள நண்பர் அதைப் பிரதியெடுத்துத் திறந்தால், வார்ப்புருவின் கோப்புறை மட்டும் வெறுமையாய்க் கிடக்கும். காரணம் யாது?

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட், ஒவ்வொரு களஞ்சியத்தின் சரித்திரத்தையும் ‘.கிட்’ என்னும் மறைவான கோப்புறையில் காக்கிறது. ஆகவே தன்னுள்ளே வேறொரு ‘.கிட்’ இருக்கக் கண்டால், அதைப் பிறர் ஆதீனத்து நிலமாகக் கருதி, உள்ளிருக்கும் கோப்புகளைத் தொடாமல், அக்களஞ்சியத்தின் அப்போதைய பதிவுக்குரிய அடையாளத்தை மாத்திரம் 160000 என்ற விசேஷக் குறியுடன் எழுதிக்கொள்கிறது. எங்கிருந்து எடுப்பது என்ற விலாசம் ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பில் இல்லாமையால் நண்பரின் கணினி திகைக்கிறது. சேர்க்கும்போதே எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. அதை வாசிப்பவர் அரியர்.

வார்ப்புருவைத் தாமே திருத்தப்போகிறவர், ‘கிட் ஆர்எம் --கேஷ்ட்’ கட்டளையில் அக்கோப்புறையின் பெயரைக் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்கி, உள்ளிருக்கும் ‘.கிட்’டை அழித்துவிடாமல் வேறிடத்துக்கு நகர்த்தி, கோப்புறையை மீண்டும் சேர்க்க வேண்டும். மூலத்தோடு தொடர்பு நீடிக்க விரும்புவோர், குறிப்பை நீக்கியபின், ‘கிட் சப்மாட்யூல் ஆட்’ கட்டளையில் விலாசத்தையும் கோப்புறைப் பெயரையும் அளிக்கலாம். ஆனால் பிரதியெடுக்கும் ஒவ்வொருவரும் ‘--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்’ என்று சேர்த்துக் கட்டளையிட நேரும். இத்தகைய சிறு பணிகளுக்கு முதல் மார்க்கமே உசிதமானது.