ஓரிடத்தில் உட்காராத பிள்ளை

பாரோய் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். செம்பனை வேலை முடிந்து தாய் அப்பொழுதுதான் வந்திருந்தார். எட்டு வயது மகன் நாற்காலியில் ஏறினான், குதித்தான், வாசலுக்கு ஓடினான், திரும்பி வந்து நம் பேனாவைப் பிடுங்கினான்.

"உடம்பெல்லாம் வாலுங்க. அடிச்சு அடிச்சு என் கைதான் வலிக்குது" என்றார் அந்தத் தாய். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பள்ளியிலும் புகாராம். கயிறு மந்திரித்துக் கட்டியும் பார்த்துவிட்டார்களாம்.

கயிறு அவரவர் நம்பிக்கை. நாம் பேச வந்தது பிரம்பைப் பற்றி.

பிள்ளை துறுதுறுவென்று இருப்பது நோயல்ல. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கவனத்தையும் உடம்பையும் அடக்கி வைக்கும் சக்தி மூளையில் மெதுவாகத்தான் வளர்கிறது. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். இன்று இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். இது திமிருமல்ல, வளர்ப்புக் குறையுமல்ல. அடித்தால் பயத்தில் உட்காருவான். ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்துவிடுவான். சீனி தின்ற ஆட்டம் என்பாரும் உண்டு. ஆராய்ந்தவர்கள் அப்படிக் காணவில்லை. (பல்லுக்காக வேண்டுமானால் சீனியைக் குறையுங்கள்!)

அந்த வீட்டில் பாடம் எழுதும் நேரத்தைக் கவனித்தோம். பள்ளி விட்டு வந்தவனை நேரே புத்தகத்தின் முன் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் டிவி ஓடுகிறது, மேசையில் கைப்பேசி. நம்மாலேயே முடியாதே! முதலில் அவனை ஓட விடுங்கள். ஸ்டேடியம் இருக்கிற ஊர்ப் பிள்ளைக்குப் பந்து மேல் ஆசை இல்லாமலா போகும்? வேர்க்க விளையாடி, குளித்து, சாப்பிட்ட பிறகு புத்தகம். டிவியை அடைத்துவிடுங்கள். பத்துக் கணக்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் இரண்டு கொடுங்கள். முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வரட்டும். பிறகு இன்னும் இரண்டு. "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்கு விளங்காது. "இந்த ரெண்டு வரியை எழுதுய்யா" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் விளங்கும். எழுதியதும் அங்கேயே பாராட்டுங்கள். வருஷக் கடைசியில் சைக்கிள் என்பதெல்லாம் அவனுக்கு எட்டாத தூரம்.

தூக்கமும் முக்கியம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். பெற்றோர் விடியலில் பெரட்டுக்குக் கிளம்பும் வீடுகளில் பிள்ளையின் தூக்கமும் சேர்ந்து கெடுகிறது. தூக்கம் போதாத பிள்ளை நம்மைப் போல் சோர்ந்து படுக்காது, கூடுதலாக ஆடும்.

வீடு, பள்ளி இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியே இருந்து படிப்பும் கெடுகிறதென்றால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். போகும் முன் வகுப்பாசிரியரிடம், பையன் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் அதைக் கேட்பார்.